காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோன ஆறு பெட்டிகள்

மலேசியாவின் ஈப்போ நகரத்திலிருந்து ஊருக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் எல்லோரும் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார்கள். நான் எழுதிய கடிதங்களில் கூட்டியதைக் கழித்துவிட்டால் 'நலம், நலமறிய ஆவல்' மட்டும்தான் மிஞ்சும். ஆசிரியர்களுக்குப் புதிய கருவிகளைப் பழக்கும் பயிற்சிக்கூடம் ஒன்றில் எனக்கு வேலை. படம் காட்டும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போவது, பல்பு எரிந்துபோனால் மாற்றுவது, எல்லாம் முடிந்ததும் துணி போட்டு மூடுவது, இவ்வளவுதான் என் கடமைகள். காஞ்சிபுரத்தில் இருந்த பெரியம்மா மகன் ஏகாம்பரம் அண்ணனுக்கு இதையே நான், 'நவீன முறையில் பாடம் நடத்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன்' என்று மூன்று வருடம் எழுதிவந்தேன்.

நாலாவது வருடம் அண்ணனிடமிருந்து பதில் வந்தது. அவர் தலைமையாசிரியராக இருக்கும் தொடக்கப்பள்ளிக்கு நான் உடனே வந்து, அவருடைய ஆசிரியர்களுக்கும் அந்தப் பயிற்சியை அளிக்கவேண்டுமாம். என் மனைவியிடம் கடிதத்தைக் காட்டினேன். தப்பிக்க ஏதாவது வழி சொல்வாள் என்று நினைத்தேன்.

"போய்ட்டு வாங்க. எழுதினது நீங்கதானே?" என்றாள்.

பயிற்சிக்கூடத்தில் வேண்டாமென்று ஒதுக்கி வைத்திருந்த ஆறு மரப்பெட்டிகளை மேலதிகாரியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். வினாப்பெட்டி என்று பெயர். பெட்டியின் முகப்பில் பத்து வரிசை, வரிசைக்கு அ, ஆ, இ, ஈ என்று நாலு துளை. உள்ளே ஓர் அட்டை ஒளிந்திருக்கும். சரியான விடைக்கு நேராக மட்டும் அந்த அட்டையில் ஓட்டை இருக்கும். பிள்ளை கேள்வித்தாளைப் படித்து, தனக்குச் சரியென்று தோன்றும் துளையில் குச்சியைக் குத்தவேண்டும். சரியென்றால் குச்சி முழுக்க உள்ளே போய் மேலே பச்சை பல்பு எரியும். தப்பென்றால் அட்டையில் முட்டிக்கொண்டு நிற்கும். ஓட்டை உண்டு அல்லது ஓட்டை இல்லை. பெட்டிக்குத் தெரிந்த ஞானம் அவ்வளவுதான். எனக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதால் எங்களுக்குள் நல்ல பொருத்தம் இருந்தது.

கடலைத் தாண்டிய பெட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது எல்லாம் காஞ்சிபுரம் பஸ் நிலையத்திலிருந்து பள்ளிக்கூடம் வரையிலான அரை மைலில்தான்.

திங்கட்கிழமை காலை. பெட்டிகளைக் குதிரைவண்டியில் ஏற்றி, நானும் அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்தேன். ஒரு தெருமுனை வந்ததும் குதிரை தானாக நின்றது. வண்டிக்காரர் திரும்பி, "இந்தத் தெரு போவாது சார். பாவு போட்டுக்கினு இருக்காங்க. சுத்திக்கினுதான் போவணும்," என்றார்.

எட்டிப் பார்த்தேன். தெரு நீளத்துக்கும் சிவப்புப் பட்டு நூலை இழுத்துக் கட்டியிருந்தார்கள். இடுப்பளவு உயரத்தில், ஒரு பாய் அகலத்தில், நூற்றுக்கணக்கான இழைகள். இரண்டு பேர் அதன் ஓரமாக நடந்துகொண்டே அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் தெருவை அடைப்பதென்றால் ஒன்று வெள்ளம் வரவேண்டும், இல்லை சுல்தான் வரவேண்டும். இங்கே ஒரு புடவைக்காகத் தெருவே ஒதுங்கி வழிவிடுகிறது.

சுற்றிப் போக எனக்குப் பொறுமை இல்லை. பெட்டிகளை இறக்கி, மூன்று மூன்றாகக் கட்டி, ஒரு கட்டைத் தலையிலும் ஒன்றைக் கையிலும் எடுத்துக்கொண்டு, பாவுக்கும் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்தேன். பாதித் தூரத்தில் கால் வழுக்கியது. பட்டின் மேல் விழாமல் பெட்டிகளின் மேல் விழுந்தேன். உள்ளே ஆறு பல்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்த சத்தம் தெளிவாகக் கேட்டது.

நூல் முடிந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தாமல் சொன்னார்: "நல்ல வேளை பொட்டி மேல உயுந்தே. பாவு மேல உயுந்திருந்தா தீவாளி வரைக்கும் உக்கார வெச்சு உன்னையே முடிச்சு போட வெச்சிருப்பேன்பா."

பள்ளிக்கூடம் அந்தத் தெருக் கோடியில்தான் இருந்தது. அண்ணன் வாசலிலேயே மாலையோடு நின்றார். மாலையைப் போட்டு, ஆசிரியர்களைப் பார்த்து, "மலேயா நிபுணர்," என்றார். மலேசியா என்று பெயர் மாறிச் சில வருடம் ஆகிவிட்டதென்று சொல்ல நினைத்தேன். நிபுணர் என்ற சொல்லைத் திருத்தாத வாய், நாட்டின் பெயரை மட்டும் திருத்துவது நியாயமாகப் படவில்லை.

பல்பு இல்லாத பெட்டிகளைப் பார்த்து ஐந்து ஆசிரியர்களில் நான்கு பேர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுத் தங்கள் வகுப்புக்குப் போய்விட்டார்கள். ஐந்தாம் வகுப்பு வனஜா டீச்சர் மட்டும் நின்று, ஒரு குச்சியை எடுத்துத் துளைகளில் குத்திப் பார்த்தார்.

"பல்பு எதுக்கு சார்? உள்ள போவுதா போவலையான்னு கைக்கே தெரியுதே," என்றார்.

அப்போதுதான் அண்ணன் என்னை ஏன் வரவழைத்தார் என்பது வெளியே வந்தது. ஐந்தாம் வகுப்புப் பதிவேட்டில் முப்பத்தொரு பேர். வருவது பதினாலு பேர். தீபாவளி நெருங்கிவிட்டால் எல்லா வீட்டிலும் தறி ஓயாமல் ஓடும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று நெய்யும் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். அப்பா நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் சுற்றிய நாடாவை எறிந்து கொடுக்க ஒரு பிள்ளை. அதைக் கோர்வை போடுவது என்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கை அதற்குச் சரியான அளவாம்.

வெள்ளிக்கிழமை பள்ளி இன்ஸ்பெக்டர் வருகிறார். வகுப்பில் இருபது தலை இல்லையென்றால் ஐந்தாம் வகுப்பை மூடி, இருக்கிற பிள்ளைகளை வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். வனஜா டீச்சருடைய வேலை தற்காலிக வேலை. வகுப்பு போனால் அவரை உத்திரமேரூருக்கு அப்பால், இரண்டு பஸ் மாறி ஓர் ஏரிக்கரை மேல் நடந்து போகவேண்டிய கிராமத்துக்குப் போடுவார்கள். அவர் கணவர் நெசவாளர். தறியைத் தூக்கிக்கொண்டு ஊர் மாற முடியாது.

"போன வருசம் வரைக்கும் வீடு வீடாப் போய் கூட்டியாருவேன் சார். இப்ப நான் தெருவுல வந்தாலே கதவ சாத்திக்கிறாங்க," என்றார் டீச்சர். "பொட்டிய காட்டினா வருவாங்களா?"

"ஈப்போவில் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள்," என்றேன். நின்றது உண்மை. பெட்டி வைத்திருந்த அறைக்குப் பக்கத்தில்தான் சர்க்கரைப்பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் விற்றார்கள்.

செவ்வாய்க்கிழமையை வயிற்றிலிருந்து தொடங்கினேன். கோயில் இட்லியைச் சாப்பிடாமல் ஊர் திரும்பினால் என் மனைவி நான் காஞ்சிபுரம் போனதையே நம்பமாட்டாள். மூங்கில் குடலையில் மந்தாரை இலை சுற்றி வேகவைத்த, முழங்கை நீள இட்லி. மிளகும் சுக்கும் நெய்யுமாக, இட்லியின் தாத்தா மாதிரி இருந்தது. வெட்டிக் கொடுத்த துண்டை வாங்கிக்கொண்டு, "சாம்பார்?" என்று கேட்டேன்.

கொடுத்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பிரசாதத்துக்கு சாம்பாரா? எந்த ஊருங்க?"

"மலேயா," என்றேன். அந்த ஒரு பதிலில் அங்கே எனக்கு எல்லாக் குற்றமும் மன்னிக்கப்பட்டது. அதற்குப் பிறகு மலேசியா என்று திருத்த வேண்டுமென்று எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் நாள் மாலையே வனஜா டீச்சரும் நானும் உட்கார்ந்து பத்துக் கேள்விகள் தயாரித்திருந்தோம். உட்கார்ந்தது நான், தயாரித்தது அவர். நான் கொண்டுவந்த விடை அட்டைகள் எல்லாம் எங்கள் பேராக் மாநிலத்தில் ஈயம் எங்கே கிடைக்கும் என்பதைப் பற்றியவை. புதிய அட்டைகள் வெட்டவேண்டும். கெட்டியான அட்டையில் ஒரே அளவாக ஓட்டை போட இந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு டீச்சர் சிரித்துவிட்டார். "அதுக்குன்னே இங்க ஆள் இருக்குது சார்," என்று கண்ணய்யாவின் வீட்டுக்கு வழி சொன்னார்.

கண்ணய்யாவுக்கு வேலையே அட்டை குத்துவது. புடவைக் கரையில் வரும் மயிலும் மொட்டும் முதலில் அட்டையில் ஓட்டைகளாகத்தான் பிறக்கின்றன. ஓட்டை குத்திய அட்டைகளைச் சங்கிலியாகக் கோத்துத் தறிக்கு மேலே தொங்கவிடுவார்கள். ஓட்டை இருந்தால் ஓர் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. என் பெட்டியும் அதே சாதிதான். நான் ஏதோ சந்திரனிலிருந்து கொண்டுவந்தது மாதிரி இறக்கிவைத்த சங்கதி, இந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் கொடுத்த தாளில் பத்து வரிசை, நாலு கட்டம், விடைக்கு நேரே புள்ளி. கண்ணய்யா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தாளைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

"ஏமி சார் இது. இப்படியேவா குத்தணும்?"

"அப்படியேதான்."

"யோசிச்சு சொல்லுங்க."

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆறு அட்டையும் ஒரே மாதிரி."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பெரிய கருணை இருந்தது. "சரி, நான் பாத்துக்கறேன். சாயங்காலம் வாங்க," என்றார்.

மாலையில் வாங்கிய அட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓட்டைகள் ஏறி இறங்கி மறுபடி ஏறி, பார்க்கவே லட்சணமாக இருந்தன. என்ன சுத்தமான வேலை என்று வியந்து, தாளோடு ஒப்பிட்டுப் பார்க்காமலே பெட்டிகளுக்குள் செருகித் திருகாணிகளை முறுக்கினேன். ஒப்பிட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

புதன்கிழமை என் வாழ்க்கையின் மகத்தான நாள். பதினாலு பிள்ளைகளும் ஆறு பெட்டிகளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் பின்னால், கைகளை முதுகில் கட்டிக்கொண்டு, என் மேலதிகாரி நிற்பது மாதிரியே நின்றேன். முதலில் கொஞ்ச நேரம் குச்சிகள் முட்டும் சத்தம்தான் கேட்டது. பிறகு ஒரு பெண், பெயர் கஸ்தூரி, தன் பெட்டியில் மூன்று வரிசைகளைத் தடவித் தடவிக் குத்தினாள். நாலாவது வரிசையில் கேள்வியைப் படிக்கக்கூட இல்லை. நேராக ஈ. குச்சி உள்ளே போனது. ஐந்தாவது இ. உள்ளே. ஆறாவது ஆ. உள்ளே. பக்கத்தில் இருந்தவர்களும் அவள் கையைப் பார்த்துவிட்டுக் கடகடவென்று குத்த ஆரம்பித்தார்கள். கால் மணி நேரத்தில் ஆறு பெட்டியிலும் பத்துக்குப் பத்து.

ஈப்போவில் இந்த நிலைக்கு வர இரண்டு வாரம் ஆகும். கண்கலங்கிவிட்டேன். பாடத்தில் என்ன கேட்டிருந்தது, என்ன விடை வந்தது என்றெல்லாம் நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் பயனில்லை. பாலாறு எங்கே உற்பத்தியாகிறது என்பது எனக்கு அன்றைக்கு வரை தெரியாது.

வனஜா டீச்சர் ஒரு பெட்டியின் முன்னால் குனிந்து ஏதோ குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு மாதிரியான அமைதி. "எப்படி?" என்று கேட்டேன்.

"நீங்க போய் சாப்ட்டு வாங்க சார்," என்றார். சாதனையாளனைச் சாப்பிட அனுப்புகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அண்ணி வைத்த வத்தக்குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுத் தூங்கியும் போனேன்.

வியாழக்கிழமை காலை வகுப்பில் இருபத்திரண்டு பேர் என்று அண்ணன் ஓடிவந்து சொன்னார். அதற்கு முந்தைய நாள் வரை பதினாலு. என் உடம்பு நடக்கும்போதே தரையை விட்டுக் கொஞ்சம் உயர்ந்தது. அதே உயரத்தில் போய்த் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்தேன். எங்கள் ஊர் கோப்பி, பால்மாவு குழைத்த தார் மாதிரி இருக்கும். இங்கே பித்தளை டம்ளரில் நுரை கோபுரமாக நிற்கிறது. அந்த நுரைக்குப் பின்னால் நான் இருந்ததால், பக்கத்தில் பேசிக்கொண்டிருந்த இரண்டு நெசவாளர்களும் என்னைக் கவனிக்கவில்லை.

"மலேயாலேர்ந்து ஒருத்தன் வந்துக்கினு இருக்கானாம்பா. பொட்டி எடுத்தாந்து இஸ்கூல்ல வெச்சிருக்கான்."

"எம் பொண்ணு சொல்லிச்சு. பட்டுப்புழு இன்னா தின்னுதுன்னு கேட்டா வேப்பிலைன்னு சொல்லுதாம் அந்தப் பொட்டி."

"வேப்பிலை தின்னா புழு நூல் வுடாது, பேதிதான் வுடும்."

"பாலாறு மெரினா பீச்சுல கெளம்புதுன்னும் சொல்லுதாம். அம்மாம் தூரத்துலேர்ந்து வந்து பொய் சொல்லிக் குடுக்குறான் பாரு. கோர்வைக்கு உக்காருன்னா, பொட்டி இன்னும் எத்தினி பொய் சொல்லுதுன்னு பாக்கணும்னு காலையிலயே ஓடிட்டா."

டம்ளரை வைத்துவிட்டுக் கண்ணய்யா வீட்டுக்கு ஓடினேன். என் தாள் அவருடைய பலகையில் இன்னும் கிடந்தது. அதில் இருந்த புள்ளிகளையும் அவர் குத்தியதையும் முதல்முறையாக ஒப்பிட்டேன். பத்தில் இரண்டு மட்டும் தற்செயலாக ஒத்துப்போயின.

"ஏன் மாற்றினீர்கள்?" என்றேன்.

கண்ணய்யா என்னை உட்காரச் சொன்னார். "நீங்க எழுதியாந்தது எப்படி இருந்துச்சு தெரியுமா சார்? ஈ, அ, இ, அ, ஆ. எலி கடிச்ச மாதிரி. எந்தக் கரையிலயாவது அப்படி கண்டபடி ஓட்டை வருமா? வெளியூர்க்காரர், கை தடுமாறி எழுதிட்டாரு, மூஞ்சிக்கு நேரா சொன்னா சங்கடப்படுவாருன்னு நானே திருத்திட்டேன். கோபுரக் கரை. ஏறி எறங்கி ஏறுது, பாருங்க. நாப்பது வருசமா குத்தறேன், என் கையால ஒரு கோணல் அட்டை வெளிய போனதில்ல."

"அது கரை இல்லை, விடை."

"எதுவா இருந்தா இன்னா சார். அட்டைன்னா ஒரு ஒழுங்கு வேணாமா?"

இப்போது எல்லாம் புரிந்தது. கஸ்தூரி பாடத்தைப் படிக்கவில்லை, கரையைப் படித்தாள். பிறந்ததிலிருந்து தலைக்கு மேல் அட்டைகள் ஏறி இறங்குவதைப் பார்த்த பிள்ளைக்கு மூன்று ஓட்டை தெரிந்தால் மிச்சம் ஏழும் தெரியாதா? நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்து ஒரு குச்சியைக் குத்தினால் போதும், வனஜா டீச்சர் ஏரிக்கரை மேல் நடக்கவேண்டியதுதான்.

பள்ளிக்கூடத்துக்கு ஓடி, டீச்சரை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் சாக்பீஸ் தூள் படிந்த கையைத் தட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"நேத்தே தெரியும் சார். நீங்க சாப்புடப் போனதும் கஸ்தூரி கேட்டா, 'டீச்சர், பட்டுப்புழு வேப்பிலையா தின்னும்?'னு. பொட்டி பொய் சொல்லுது, எத்தினி பொய்யின்னு புஸ்தகம் பாத்து கண்டுபுடிச்சு வாங்கன்னு அனுப்பிச்சுட்டேன். தெருவு பூரா சொல்லிட்டாங்க. நின்னு போன புள்ளைங்க எல்லாம் இன்னைக்கு வந்திருக்குது."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தா நீங்க சரி பண்ணியிருப்பீங்க."

இதற்குள் அண்ணனுக்கும் சேதி போய்விட்டது. பள்ளி முடிந்ததும் பெட்டிகளைச் சுற்றி நாங்கள் மூன்று பேரும் நின்றோம். "வனஜாம்மா, இன்ஸ்பெக்டர் குத்திப் பாத்து, பாலாறு மெரினாவுல கெளம்புதுன்னு வந்தா, உங்கள மட்டுமா மாத்துவாரு, என்னையும் சேத்து மாத்துவாரு. தம்பி, பொட்டியத் தொற. கத்திரிக்கோல எடுத்து நாமளே சரியான அட்டைய வெட்டிப் போட்டுடுவோம்," என்றார் அண்ணன்.

"சரியான அட்டையப் போட்டா நாளைக்கு பழையபடி பதினாலு பேருதான் சார் வருவாங்க," என்றார் டீச்சர். "அப்ப மட்டும் என்னைய விட்டுடுவாங்களா?"

"தப்பா சொல்லிக் குடுக்குற இஸ்கூல்னு எழுதிட்டுப் போவாரும்மா."

"சரியா சொல்லிக் குடுத்து ஆளே இல்லன்னு எழுதுறதுக்கு, இது மேல்."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நிபுணர் நீ சொல்லு."

என் கையில் திருப்புளி இருந்தது. மூன்று வருடமாக நான் எழுதியதையெல்லாம் நம்பிய மனிதர், அந்த ஒரு நொடியும் என்னை நம்பிக்கொண்டு நின்றார். நான் திருப்புளியை வனஜா டீச்சரிடம் கொடுத்தேன். அவர் அதைத் தன் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்றைக்கு இரவு அண்ணன் வீட்டில் ரசம் என்னைக் கேட்காமலே தீர்ந்துபோனது.

வெள்ளிக்கிழமை இருபத்தாறு பேர். இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர். கைக்குடையைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டுத் தலைகளை எண்ணினார். இரண்டாம் தடவையும் எண்ணினார். பதிவேட்டைப் புரட்டி, "போன மாசம் பதிமூணு, பதினாலுன்னு இருக்கு. இன்னைக்கு மட்டும் எங்கேருந்து வந்தாங்க? பக்கத்து வகுப்புலேர்ந்து இரவல் வாங்கினீங்களா?" என்று கேட்டார்.

அண்ணன் பெட்டிகளை மறைத்துக்கொண்டு நின்றார்.

இன்ஸ்பெக்டர் பெட்டியைப் பார்த்தார். கேள்வித்தாளைப் பார்த்தார். கஸ்தூரியைக் கைகாட்டி, "நாலாவது கேள்வி. பாலாறு எங்கே உற்பத்தியாகுது?" என்றார்.

கஸ்தூரி எழுந்துவந்து, ஈயில் குச்சியைக் குத்தினாள். குச்சி அடிவரை போனது. இன்ஸ்பெக்டர் தாளில் ஈ என்ன என்று படித்தார். பேனாவின் மூடியை மெதுவாகக் கழற்றினார். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் கதவுக்குப் பின்னால் அந்தக் குடையோடு சேர்ந்து தொங்க முடியுமா என்று பார்த்தேன்.

"பொட்டி அப்படித்தான் சார் சொல்லும்," என்றாள் கஸ்தூரி. "அது பொய். நந்தி மலையில. மைசூர் ஸ்டேட்டுல. புஸ்தகத்துல படம் போட்டு இருக்குது, காட்டட்டுமா?"

காட்டட்டுமா என்று கேட்டாளே தவிர, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அதற்குள் வகுப்பே எழுந்துவிட்டது. "சார், அஞ்சாவதும் பொய் சார், முசுக்கட்டை இலை சார், எங்க அப்பாரக் கேட்டேன் சார்." "சார், பத்தாவது நான் கண்டுபுடிச்சது சார்." இன்ஸ்பெக்டர் ஒரு குச்சியை வாங்கிப் பத்தாவது வரிசையில் தானே குத்தினார். ஏழு எட்டு எவ்வளவு என்பது கேள்வி. ஐம்பத்தாறில் முட்டியது. ஐம்பத்துநாலில் உள்ளே போனது. அவர் நிமிர்வதற்குள் இருபத்தாறு குரலும் ஏழாம் வாய்பாட்டை ஒப்பித்து முடித்தன.

"எது எதெல்லாம் உண்மை சொல்லுது?" என்று கேட்டார்.

"மூணாவதும் எட்டாவதும் சார். ரெண்டுதான் சார்," என்றார்கள். அந்தக் குரலில் இருந்த இளக்காரம் உண்மைக்கு எப்போதாவதுதான் கிடைக்கும்.

இன்ஸ்பெக்டர் குச்சியை வைத்துவிட்டு, "யாரோட ஏற்பாடு இது?" என்றார்.

அண்ணன் சுவரை விட்டுவிட்டு நிமிர்ந்தார். முகம் விளக்கேற்றியது மாதிரி இருந்தது. "எங்க தம்பிங்க. மலேயாலேர்ந்து வந்திருக்காரு. இதுல பெரிய நிபுணர்," என்று என்னைக் கதவுக்குப் பின்னாலிருந்து இழுத்து முன்னால் நிறுத்தினார்.

எல்லோரும் பார்த்தார்கள். வனஜா டீச்சர் தரையைப் பார்த்தார். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். 'ஆமாம், ஈப்போவில் இப்படித்தான் செய்கிறோம்.' நாக்கின் நுனியில் தயாராக உட்கார்ந்திருந்தது. அப்படிப்பட்ட வாக்கியங்கள் எனக்கு எப்போதும் தயாராகவே இருக்கும். ஆனால் இன்ஸ்பெக்டரின் அறிக்கையில் என் பெயர் ஏறினால், டீச்சரைக் காப்பாற்ற அதில் ஒன்றும் இருக்காது. நான் கப்பலேறிப் போய்விடுவேன். வகுப்பு இங்கே இருக்கவேண்டும்.

"இல்லைங்க," என்றேன். "நான் பெட்டி தூக்கிக்கொண்டு வந்தவன். அட்டை தப்பாகிவிட்டது, அதை நான் பார்க்கவே இல்லை. அந்தத் தப்பைப் பாடமாக்கியது டீச்சர்."

"அப்ப நீங்க கொஞ்சம் ஒதுங்கிக்குங்க, வெளிச்சம் மறைக்குது," என்றார் இன்ஸ்பெக்டர். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். என்ன எழுதினார் என்று தெரியாது. எழுதி முடித்து எழுந்தபோது டீச்சரிடம் சொன்னது மட்டும் கேட்டது: "இப்போதைக்கு வகுப்பு இருக்கட்டும்மா. ஆனா தீவாளிக்கு முன்னாடி சொல்லாம வருவேன். அன்னைக்கும் இத்தனை தலை இருக்கணும்."

அவர் குடையை எடுத்துக்கொண்டு போன பிறகு அண்ணன் என்னிடம் வந்தார். "பொட்டி தூக்குறவனா நீ?"

"ஆமாண்ணே. பல்பும் மாத்துவேன்."

"அதுவும் ஒடஞ்சி போச்சு," என்றார். அன்றைக்கு ரசம் கிடைத்தது.

சனிக்கிழமை பள்ளி வாசலில் கஸ்தூரி வனஜா டீச்சரைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், பத்தும் கண்டுபுடிச்சாச்சு. திங்கக்கெழமை பொட்டியில வேற பொய் வெப்பீங்களா? பழசுன்னா எங்க அப்பா தறிக்கு உக்காத்தி வெச்சிடுவாரு."

"திங்கக்கெழமை வந்து பாரு," என்றார் டீச்சர். பிறகு என்னைப் பார்த்தார். "சார், நாளைக்கு உங்களுக்கு ஏதாவது வேலை இருக்குதா?"

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து பத்துப் பொய் எழுதினேன். இந்தப் பயணத்தில் நான் உழைத்துச் செய்த வேலை அது ஒன்றுதான். பொய் சொல்வது சுலபம். பிள்ளைகள் புத்தகத்தைத் திறக்கும்படியாகப் பொய் சொல்வது வேறு வித்தை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. டீச்சர் சிவப்பு மையால் அதில் நாலை அடித்தார். "இதெல்லாம் ரெண்டாங் கிளாஸ் புள்ள கூட கண்டுபுடிச்சிடும் சார்." புதிதாக நாலு எழுதினேன். மாலையில் கண்ணய்யாவிடம் போனோம். எல்லாம் பொய்தான், எப்படி வேண்டுமானாலும் ஓட்டை வரலாம், கரை மட்டும் வேறாக இருக்கட்டும் என்று டீச்சர் அவருடைய வீட்டு மொழியான தெலுங்கில் சொன்னார். கண்ணய்யாவுக்குப் பரம சந்தோஷம். அவருக்கு இஷ்டமான மல்லிமொட்டுக் கரையை எடுத்துக்கொண்டு, என்னை முதல்முறையாக மதித்து, ஒரு மோர் கொடுக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை எனக்கு பஸ். போகிற வழியில் ஐந்தாம் வகுப்பு ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். வனஜா டீச்சர் பெயர் கூப்பிட்டு முடித்துப் பதிவேட்டை மூடிக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு தலைகளை எண்ணினேன். போய்வருகிறேன் என்று சொல்வதற்காகக் கையைத் தூக்கினேன். யாரும் திரும்பவில்லை. பெட்டி அப்போதுதான் முதல் பொய்யைச் சொல்லியிருந்தது.